புறங்கையால் பார்த்த இஸ்தான்புல்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. எழுத்து மேலும் கீழுமாக ஓடும், பெயர்கள் மறந்துபோகின்றன, முன்னே நடந்ததைப் பின்னே சொல்லிவிடுவேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நம் கட்டடத்தின் பத்தாம் ஆண்டு மலருக்கு நானும் எழுதவேண்டும் என்று பிலோமினா மேடம் நோட்டும் பேனாவும் கொடுத்தனுப்பி மூன்று மாதம் ஆகிறது. வெட்கப்பட்டுக்கொண்டு அதை அரிசி டப்பா மேலேயே வைத்திருந்தேன்.

போன மாதம் பென்ஷன் காகிதத்தில் கையெழுத்துப் போட ஒரகடத்தில் நம் கட்டடத்து ஆபீசுக்குப் போனேன். என்னோடு வேலை பார்த்த மல்லிகா ஒரு புதுக் கருவியைக் கொண்டுவந்து காட்டினாள். டார்ச் லைட் அளவுதான் இருக்கிறது. சுவரில் வைத்து அழுத்தினால், ஈரம் உள்ள இடத்தில் கீக்கீ என்று கத்துகிறது. சின்னத் திரையில் எண் வேறு வருகிறது.

"பாத்தியா யக்கா, உன் கைக்குப் பதிலா இது வந்துட்ச்சி. போன பொங்கலுக்கு உனக்கு ரிடையர்மென்ட் குட்த்தாங்க. இப்ப உன் கைக்கும் குட்த்துட்டாங்க" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். எனக்குப் பொறாமை வரவில்லை. எந்தப் புண்ணியவான் இதைக் கண்டுபிடித்தானோ என்று பிரமிப்பாக இருந்தது. அதை வாங்கிச் சுவர் சுவராக வைத்துப் பார்த்தேன். அப்போது, பின்னால் சொல்லப்போகும் அந்த மூன்றாவது வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்கு இந்தக் கருவி இருந்திருந்தால் இத்தனை வருஷமாக எனக்கு இந்த உறுத்தல் இருந்திருக்காது. என் ஊர் சேரப்பணஞ்சேரிக்குத் திரும்பியதும் நோட்டை எடுத்துவிட்டேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நம் கட்டடம் நான்கு மாடி, பதினாறு வீடு. இங்குள்ள கம்பெனிகளுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் இன்ஜினியர்கள் மூன்று மாதம், ஆறு மாதம் என்று தங்குவார்கள். ஓனர் சேகர் சாரும் அவர் மனைவி ஜெயந்தி அம்மாவும் இந்தப் பக்கத்துக்காரர்கள்தான். நிலம் தொழிற்பேட்டைக்குப் போனபோது வந்த பணத்தில் கட்டியது. நான் அதற்கு முன்னால் பதினெட்டு வருஷம் சித்தாள். இந்த ரோட்டில் உள்ள கம்பெனிச் சுவர்களில் பாதிக்கு நான் செங்கல் சுமந்திருக்கிறேன். முதுகு போன பிறகு துடைப்பம் பிடித்தேன்.

வேலை கற்றுக்கொண்டது எங்கள் சூப்பர்வைசர் பிலோமினா மேடத்திடம். என்னைவிடப் பத்து வயது சின்னவர். முன்னால் ஆஸ்பத்திரியில் வேலை செய்தவர். கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருப்பார். குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். அவர் வாயருகே நம் காதைக் கொண்டுபோக வேண்டி வந்தால், எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு வீடு காலியானால் யாரும் உடனே துடைப்பத்தைத் தொடக் கூடாது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஃபேன் போடாமல், ஜன்னல் திறக்காமல், நூறு எண்ணும் வரை சும்மா நிற்க வேண்டும். "மூக்கு முதல்ல வேலை செய்யட்டும்" என்பார். செருப்பில்லாமல்தான் நடக்க வேண்டும். அப்புறம் சமையல் மேடைக்குக் கீழே உள்ள அலமாரியைத் திறந்து தலையை உள்ளே விட்டு முகர வேண்டும். பாத்ரூம் வாசலில் ஒரு பக்கெட் தண்ணீரை மொத்தமாக ஊற்றி, நேராக ஓட்டைக்குப் போகிறதா, மூலையில் நின்று யோசிக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியில் சுவர். முழங்கால் உயரத்தில், புறங்கையால்.

"உள்ளங்கையால தொட்டா ஆவாதா மேடம்?" என்று முதல் நாள் கேட்டேன். என் கையை வாங்கித் திருப்பினார். பதினெட்டு வருஷத்துச் செங்கல் காய்ப்பைத் தன் விரலால் தட்டினார். "இதுக்கு என்ன தெரியும்? செருப்புத் தோல் மாதிரி இருக்கு. பின்பக்கம் பாருங்க, குழந்தை கன்னம்" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதுவரை என் கையை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

ஒரு தடவை நான் தப்பு செய்தேன். அதை எழுதாமல் விட்டால் பின்னால் வருவது புரியாது.

302-இல் ஒரு கொரியாக்காரர் இருந்தார். அவர் வெளியே போயிருந்த நேரத்தில் பாத்ரூம் சுவரைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. "ஈரம்" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் பிளம்பர் வந்து நான்கு டைல்ஸைப் பெயர்த்தார். அந்தக் கொரியாக்காரர் வாயில் பிரஷ்ஷோடு வாசலில் நின்று, ஒவ்வொரு டைல்ஸ் விழும்போதும் தலை குனிந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார், பாவம். உள்ளே பார்த்தால் எலும்பு மாதிரி காய்ந்து கிடக்கிறது. விசாரித்தால், சுவருக்கு அந்தப் பக்கம் 301-இல் ஏ.சி. ராத்திரி முழுக்க ஓடியிருக்கிறது. அந்தக் குளிர்ச்சியைத்தான் நான் ஈரம் என்று சொல்லியிருக்கிறேன்.

சேகர் சார் கத்திக்கொண்டே மாடியேறி வந்தார். "எவ சொன்னது ஈரம்னு?"

"நான்தான் சார்" என்றார் பிலோமினா மேடம்.

சார் போன பிறகு மேடம் என்னிடம் பேசினார். காதை ரொம்பவே கிட்டக் கொண்டுபோக வேண்டியிருந்தது. "ஒரு தடவை தொட்டுட்டுப் பேசாதீங்க சம்பூரணம்மா. காலைல ஒரு தடவை, வெயில் ஏறினப்புறம் ஒரு தடவை. ரெண்டு தடவையும் சுவரு ஒரே பதில் சொன்னாதான் ஈரம்."

அதற்குப் பிறகு, அந்த மூன்றாவது வீடு வரை, நான் சொன்னது எதுவும் பொய்த்ததில்லை. இதைப் பெருமைக்காக எழுதவில்லை.

இனி அந்தச் சங்கதி. சேகர் சாரின் சிநேகிதர் ஒருவர் இஸ்தான்புல் என்ற ஊரில் வீடுகள் வாங்கி, சுற்றுலா வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டிருந்தார். சேகர் சாரும் ஒரு வாரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்த மறுநாள் ஆபீஸ் அறையில் எங்கள் எல்லாருக்கும் இனிப்புக் கொடுத்தார். அந்த ஊரைச் சொல்லும்போது அவர் முகமே வேறாக இருந்தது.

"சந்துல நின்னுகினு கீறேன்க்கா. ரெண்டு வூட்டுக்கு நடுவால கப்பல் போவுது. நம்ம ரோட்ல கன்டெய்னர் லாரி போற மாதிரி, அவ்ளோ சாதாரணமா போவுது! ஆயிரம் வருசத்துக்கும் மேல ஆன மதில் சுவரு. அதுமேல பூனை தூங்குது."

"பாத்ரூம் பாத்தீங்களா?" என்றார் ஜெயந்தி அம்மா.

"இன்னாடி நீ, நான் கடலு பத்திச் சொல்லிகினு கீறேன்."

"கடலுக்கா வாடகை வாங்கப் போறீங்க? பாத்ரூம் பாத்தீங்களா இல்லியா?"

அவர் பார்க்கவில்லை. இனிப்பைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் சிரிப்பை அடக்கினோம்.

சிரிப்பு அன்றைக்கே போய்விட்டது. அந்த ஊர் ஏஜென்ட் கடலை ஒட்டிய பழைய கட்டடம் ஒன்றில் மூன்று வீடுகளைச் சேர்த்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். மூன்றும் வேண்டுமென்றால் நம் கட்டடத்தை விற்றால்தான் முடியும். கட்டடத்தை விலைக்குக் கேட்டிருந்த கம்பெனி தன் தொழிலாளர்களுக்கு விடுதியாக்கப் போகிறதாம். துப்புரவுக்கு அவர்களிடம் வேறு கான்ட்ராக்ட் ஆட்கள் இருக்கிறார்கள். நாங்கள் பதினோரு பெண்கள். எனக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு இடத்தில் என்னை யார் சேர்ப்பார்கள்?

ஜெயந்தி அம்மா ஒரே பிடியாக நின்றார். "நம்ம ஆளுங்க பாத்து நல்லாகீதுன்னு சொன்னாதான் நான் கையெழுத்துப் போடுவேன். சம்பூரணக்கா பாக்கட்டும்."

"அது கடல் தாண்டி கீது. அவங்க எப்டிப் பாப்பாங்க?"

"போன்ல வூட்டைக் காட்டச் சொல்லுங்க. விக்கத் தெரிஞ்சவனுக்குக் காட்டத் தெரியாதா?"

அந்த நாள் காலை பதினொன்றரை. அவர்களுக்கு ஒன்பது மணி என்றார்கள். அதுவே எனக்கு அதிசயம். ஆபீஸ் அறை டி.வி.யில் போன் படத்தைப் பெரிதாக விட்டார்கள். சேகர் சாரும் ஜெயந்தி அம்மாவும் நாற்காலியில், பிலோமினா மேடம் பக்கத்தில் நான், மற்றவர்கள் வாசலை அடைத்துக்கொண்டு. உள்ளே போகுமுன் மல்லிகா என் முழங்கையைப் பிடித்தாள்.

"ஈரம்னு சொல்லிடு யக்கா. ஒரே ஒரு வார்த்தை. நம்ம பதினோரு பேர் சோறு அதுல கீது."

"பாக்காம எப்டிடி சொல்றது?"

"பாத்துட்டே சொல்லேன். உன்னை யாரு அங்க போய் செக் பண்ணப் போறாங்க?"

முழங்கையை விடுவித்துக்கொண்டு உள்ளே போனேன்.

டி.வி.யில் அந்த ஊர் வந்தது. ஏஜென்ட் ஜன்னலைத் திறந்து போனை வெளியே நீட்டினார். நான் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டேன். சாம்பல் நிறத்தில் தண்ணீர். அதில் உண்மையாகவே ஒரு கப்பல், வீட்டைவிடப் பெரியது, சத்தமில்லாமல் நகர்கிறது. தண்ணீருக்கு அந்தக் கரையில் கவிழ்த்த அண்டா மாதிரி பெரிய பெரிய கூரைகள், பக்கத்திலேயே ஊசி மாதிரி கோபுரங்கள். வெள்ளைப் பறவைகள் ஜன்னல் வரை வந்து எட்டிப் பார்த்தன. கொஞ்ச தூரத்தில் சேகர் சார் சொன்ன மதில். மணிமங்கலம் பழைய கோயில் கல்லைத் தொட்டுப் பார்த்து ஆச்சரியப்பட்டவள் நான். இதுவோ உப்புக் காற்றில், அலை பக்கத்தில், அத்தனை காலம் நின்றிருக்கிறது. எந்தச் சித்தாள் சுமந்த கல்லோ என்று நினைத்தேன்.

ஏஜென்ட் பக்கத்தில் ஒரு பெண் சாவிக்கொத்தோடு நின்றார். தலையில் துணி கட்டி, பூப்போட்ட தொளதொள உடை, ஐம்பது வயது இருக்கலாம். அந்தக் கட்டடத்தைச் சுத்தம் செய்கிறவர். எமினெ என்று ஏஜென்ட் கூப்பிட்ட மாதிரி கேட்டது. வீட்டுக்குள் நுழையுமுன் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். ஏஜென்ட் ஷூவோடு வந்தார். அந்தப் பெண்ணின் காலைப் பார்த்ததும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

எல்லார் முன்னாலும் எனக்குப் பேச வராது. மேடத்தின் காதில் சொன்னேன், அவர் ஏஜென்டிடம் இங்கிலீஷில் சொன்னார், அவர் அந்தப் பெண்ணிடம் அவர்கள் பாஷையில் சொன்னார். மூன்று வாய் தாண்டி, எங்கோ இருக்கும் ஒரு பாத்ரூமில் ஒரு பக்கெட் தண்ணீர் கொட்டியது! தண்ணீர் ஒரு சுற்றுச் சுற்றி நேராக ஓட்டையில் இறங்கியது.

"அடடா" என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன்.

"இன்னாக்கா?" என்றார் சேகர் சார்.

"நல்ல தரை சார். கட்டினவங்க தெரிஞ்சி கட்டிகீறாங்க."

வாசலில் மல்லிகா நாக்கைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

அடுத்து சுவர். அந்தப் பெண் உள்ளங்கையை வைத்தார். நான் கூச்சத்தை விட்டு எழுந்து, டி.வி. மேல் இருந்த கேமரா முன்னால் என் கையைத் திருப்பிக் காட்டினேன். அவர் ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்து, தன் கையையும் திருப்பி, நான் சொல்லாமலே குனிந்து முழங்கால் உயரத்தில் புறங்கையை வைத்தார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பிலோமினா மேடத்தை அவருக்குத் தெரியாது. அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? கையை எடுத்து என்னைப் பார்த்துத் தலையாட்டினார். காய்ந்த சுவர். "நல்லாகீது சார்" என்றேன்.

இரண்டாவது வீட்டுக்கு அவர்கள் படியேறும்போது, மேடம் என் பக்கம் சாய்ந்தார். குரல் எவ்வளவு இறங்கியிருந்தது என்றால் அவர் மூச்சுதான் முதலில் பட்டது. "உங்களுக்கு என்ன தெரியுதோ, அதை மட்டும் சொல்லுங்க." அவர் வேலையும்தான் போகப் போகிறது. கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டாவது வீடும் நன்றாகவே இருந்தது. அதையும் சொன்னேன். ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் மாதிரி பழகியவர்கள், வாசலில் என் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை.

மூன்றாவது வீடு தரைத்தளம். கடல் பக்கம். பளீரென்று புதுச் சுண்ணாம்பு. போனில் வாசனை வராதே என்று முதல் தடவையாக எனக்குத் தவிப்பு வந்தது. நூறு எண்ணி நிற்க ஏஜென்ட் விடவில்லை. ஜன்னலையும் முதலிலேயே திறந்து வைத்திருந்தார், விடாமல் பேசிக்கொண்டே நடந்தார். அந்தப் பெண் பாத்ரூமில் இடதுபக்கச் சுவரில் குனிந்து புறங்கையை வைத்தார். எடுத்தார். இந்தத் தடவை என்னைப் பார்க்கவில்லை. கையை உடையில் துடைத்துக்கொண்டார்.

முதல் இரண்டு வீட்டிலும் அவர் துடைக்கவில்லை.

"டிரை, டிரை" என்றார் ஏஜென்ட்.

"ஈரம்" என்றேன். மேடத்தின் காதில் சொல்ல மறந்து சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

சேகர் சார் எழுந்துவிட்டார். "எப்டிக்கா தெரியும்?"

"கையைத் தொடச்சாங்க சார். ஈரக் கையத்தான் தொடைப்பாங்க."

"302-லயும் இப்டித்தான் சொன்னீங்க." மேடம் பழியை ஏற்றுக்கொண்டது அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. "வூட்டை விக்கக்கூடாதுன்னு எல்லாரும் சேந்து பேசிவெச்சிகினு வந்துகீறீங்களா?"

ஜெயந்தி அம்மா உட்கார்ந்தபடியே சொன்னார்: "வேலைக்குப் பயந்து சொல்றவங்க மொத வூட்லயே ஈரம்னு சொல்லிட்டு வூட்டுக்குப் போயிருப்பாங்க. ரெண்டு வூட்டை நல்லாகீதுன்னு அவங்க வாயாலதானே சொன்னாங்க?"

பிலோமினா மேடம் ஏஜென்டிடம் கேட்டார்: வெயில் ஏறிய பிறகு அந்தச் சுவரை இன்னொரு தடவை தொட்டுக் காட்ட முடியுமா? நேரமில்லை, மத்தியானம் வேறு ஆள் பார்க்க வருகிறார், சுவரில் ஒன்றுமில்லை என்று அவர் வேகமாகச் சொன்னார்.

"ரெண்டு போதும்" என்றார் ஜெயந்தி அம்மா.

இரண்டு வீட்டுக்குக் கட்டடத்தை விற்க வேண்டியிருக்கவில்லை. சிங்கப்பெருமாள் கோவில் ரோட்டில் இருந்த காலி மனையை விற்று வாங்கினார்கள். நாங்கள் பதினோரு பேரும் மறுநாள் வழக்கம்போல வேலைக்கு வந்தோம். மல்லிகா எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாள். "நீ மொத வூட்ல வாயத் தொறந்தப்ப உன்னைக் கொன்னே போட்டுருப்பேன் யக்கா" என்றாள்.

என் உறுத்தல் அதற்கு ஒரு வாரம் கழித்துத்தான் ஆரம்பித்தது. 204-க்குப் புது வெள்ளை அடித்திருந்தார்கள். சுவரைப் புறங்கையால் பார்த்துவிட்டு வெளியே வந்தேன். என் கை தானாகப் புடவையில் துடைத்துக்கொண்டது. சுவர் நன்றாகக் காய்ந்திருந்தது. கையில் ஒட்டியிருந்தது சுண்ணாம்புத் தூள். அப்படியே வராந்தாவில் நின்றுவிட்டேன். அந்த மூன்றாவது வீட்டிலும் புதுச் சுண்ணாம்புதானே? மேடத்திடம் சொன்னேன். "இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். ரெண்டாவது தடவை தொட விடலையே" என்றார்.

அடுத்த வருஷம் சேகர் சார் அங்கே போனபோது வீடியோவில் எமினெயைக் காட்டினார். அவர் என்னைப் பார்த்ததும் வணக்கம் சொல்வதுபோலப் புறங்கையைத் தூக்கிக் காட்டினார். நானும் தூக்கினேன். அந்தச் சுவரைப் பற்றிக் கேட்டிருக்கலாம். சேகர் சார் பக்கத்தில் நிற்கும்போது கேட்க எனக்குக் கூச்சம். அதற்கடுத்த வருஷம் எமினெ அங்கே வேலையில் இல்லை. மூன்றாவது வீட்டை யாரோ வாங்கி ஜன்னலில் பூத்தொட்டி வைத்திருக்கிறார்களாம்.

இதில் எத்தனை சரியாக எழுதினேனோ தெரியாது. எமினெ என்பது சரியான பெயரா, கப்பல் தெரிந்தது எந்த வீட்டு ஜன்னலில் என்பதையெல்லாம் பிலோமினா மேடம் பார்த்துத் திருத்த வேண்டும். இன்னொன்றையும் யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். நம் கட்டடத்தில் தங்குகிறவர்கள், அவர்கள் பிள்ளைகள், யாராவது அந்த ஊருக்குப் போனால் சேகர் சாரிடம் விலாசம் இருக்கிறது. பச்சை இரும்புக் கதவு, தரைத்தளம். அந்த வீட்டுக்காரர்களிடம் அனுமதி கேட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, பாத்ரூமில் இடதுபக்கச் சுவரை முழங்கால் உயரத்தில் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். காலையில் ஒரு தடவை, வெயில் ஏறிய பிறகு ஒரு தடவை. காய்ந்திருந்தால் காய்ந்திருக்கிறது என்றே வந்து சொல்லுங்கள்.